விறகு தீர்ந்த பிறகு வீங்கும் நட்சத்திரம்

குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “சார், எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் சுருங்கி அணையத்தானே வேண்டும்? அது ஏன் நூறு மடங்கு ஊதிச் சிவப்பு ராட்சதன் ஆகிறது? அப்படி வயதான நட்சத்திரத்தின் தன்மைகளைப் பாடப்புத்தகம் நாலு வரியில் முடித்துவிட்டது. ஆருத்ரா நட்சத்திரம் அந்த வகைதானா? எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒன்றைப் பார்க்க முடியுமா?”

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பார்க்கலாம், இன்று ராத்திரியே பார்க்கலாம். மே மாதம் பாதி ஓடிவிட்டது. சாப்பிட்டு முடித்துப் பத்து மணிவாக்கில் மாடிக்குப் போய்த் தலைக்கு நேர் மேலே, கொஞ்சம் வடக்குச் சாய்வாகப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று நன்றாகப் பளிச்சென்று நிற்கும். சந்தேகமாக இருந்தால் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பிடியுங்கள். அதன் வால் வளைந்து போகிறதல்லவா, அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தால் அதில் போய் முட்டும். அதுதான் சுவாதி. வானியலில் ஆர்க்டுரஸ். சுமார் 37 ஒளியாண்டு தூரம். சிவப்பு ராட்சதன் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் வானத்தில் இல்லை.

ஆருத்ரா, அதாவது நம் திருவாதிரை, அந்த வகை இல்லை. சிவப்பு சரி, ஆனால் அது வேறு சாதி. உங்கள் பக்கத்தில் ஆருத்ர கார்த்தி என்பார்களே, ஜூன் 22 வாக்கில் சூரியன் அந்த நட்சத்திரத்துக்கு வரும் நாட்கள். அப்போது பெய்யும் மழைக்கு மண்ணைவிட்டு வெளியே வரும் சிவப்பு வெல்வெட் பூச்சிக்குத் தெலுங்கில் ஆருத்ர புருகு என்றே பேர். யார் வைத்த பேரோ, நிறமும் சேர்ந்து பொருந்திவிட்டது. எங்கள் ஊர் வாணியம்பாடிக்கு மேற்கே எல்லையை ஒட்டியது. டீக்கடையில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். அதனால் இந்தப் பூச்சியை நான் தெலுங்குப் பேரில்தான் முதலில் தெரிந்துகொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். திருவாதிரை சூரியனைப்போல் 15 முதல் 20 மடங்கு எடையோடு பிறந்தது. அவ்வளவு எடையுள்ளவை எரிபொருளை வாரி இறைத்துவிடும். அதன் வயது ஒரு கோடி ஆண்டைச் சுற்றித்தான். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் என்றால், எந்த டைனோசரும் திருவாதிரையைப் பார்த்ததில்லை. சுவாதியோ ஏறக்குறைய சூரியன் அளவு எடைதான், வயது சுமார் 700 கோடி ஆண்டு. அதுதான் உண்மையான கிழம். திருவாதிரையையும் விருச்சிகத்தில் இருக்கும் கேட்டையையும் பெருராட்சதர்கள் என்று தனியாக வைப்பார்கள். அவை கடைசியில் வெடிக்கும். சுவாதி, ரோகிணி போன்றவை வெடிக்காது. நான் இங்கே பேசப்போவது இந்த வெடிக்காத கிழங்களைப் பற்றித்தான். நம் சூரியனுக்குக் காத்திருப்பதும் இதே கதி.

முதலில் நிறத்தை முடித்துவிடுகிறேன், அது சுலபம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே வகுப்பில் ‘சிவப்பு என்றால் அதிகக் கொதிப்பு’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “சார், எங்கப்பா பட்டறையில இரும்பு முதல்ல சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், அப்புறம்தான் வெளுக்கும்” என்றான். உலைக்களத்தில் வளர்ந்தவனுக்கு இயற்பியல் வாத்தியாரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சிவப்புதான் இருப்பதில் குறைந்த சூடு. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,770 கெல்வின். சுவாதி 4,300. ரோகிணி 3,900. இன்னும் முற்றியவை 3,000 பக்கம் இறங்கும். அந்தச் சூட்டில் அணுக்கள் கைகோத்து மூலக்கூறுகளாகவே நிற்க முடியும். டைட்டானியம் ஆக்சைடு, சிலவற்றில் நீராவிகூட உண்டு. நட்சத்திரத்தின் மேல் நீராவி என்பதை நான் முதல்முறை படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைப்பது நிறமாலை. இந்த டைட்டானியம் ஆக்சைடு அதில் பட்டைபட்டையாக ஒளியைத் தின்றுவிடுகிறது. நிறமாலையைப் பார்த்தவுடனே ‘இது குளிர்ந்த ஆள்’ என்று சொல்லிவிட முடிவது அதனால்தான்.

குளிர்ந்தது என்றால் மங்கலாகத்தானே இருக்க வேண்டும்? சுவாதியில் ஒரு சதுர மீட்டரை வெட்டி எடுத்தால் மங்கல்தான். சூரியனின் ஒரு சதுர மீட்டர் தரும் ஒளியில் 30 சதவீதம்தான் அது தரும். ஆனால் எத்தனை சதுர மீட்டர் இருக்கிறது என்று பாருங்கள். சுவாதியின் விட்டம் சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு. பரப்பு 25 பெருக்கல் 25, அதாவது 625 மடங்கு. அதில் 30 சதவீதம் எடுத்தால் 190க்குப் பக்கத்தில் வரும். ஆக, மேலே ஆறிப்போன ஒரு நட்சத்திரம் கிட்டத்தட்ட 190 சூரியன்களின் ஒளியைக் கொட்டுகிறது. வயதான நட்சத்திரத்தின் முதல் தன்மை இதுதான்: மேலே ஆறல், மொத்தத்தில் பிரகாசம். எரிபொருள் தீரும் நேரத்தில் வருமானம் எங்கிருந்து இப்படிக் கூடியது? உங்கள் உண்மையான கேள்வி இதில்தான் இருக்கிறது.

நாம் எல்லாரும் ஒரு இடத்தில் வழுக்குகிறோம். நட்சத்திரத்தை வீட்டு அடுப்பாக நினைத்துக்கொள்கிறோம். விறகு தீர்ந்தால் தீ இறங்கும், பாத்திரம் ஆறும். நட்சத்திரத்தில் கணக்கே வேறு. அதன் சொந்த எடை அதை உள்ளே அமுக்குகிறது. உள்ளே இருக்கும் சூடான வாயுவின் அழுத்தம் அதைத் தாங்குகிறது. அந்தச் சூடு ஒளியாக வெளியே ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஹைட்ரஜன் ஹீலியமாகும் அணுக்கரு இணைவு அந்த ஒழுக்கை ஈடுகட்டுகிறது. கவனியுங்கள், நட்சத்திரத்தைத் தாங்கி நிற்பது சூடு. அடுப்பின் வேலை ஒழுகிப்போன சூட்டை நிரப்புவது மட்டும்தான். சூரியன் இதற்காக நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அடுப்பு அதன் நட்டநடுவில், சுமார் 1.5 கோடி டிகிரியில் எரிகிறது.

நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒழுக்கு நிற்காது. ஈடுகட்ட ஆள் இல்லை. அழுத்தம் குறைய, கரு, அதாவது அந்த நடுப்பகுதி, சுருங்கும். சுருங்கினால், மேலிருந்து கீழே விழுந்த பொருளின் ஈர்ப்பு ஆற்றல் வெளிப்படும். அதில் பாதி ஒளியாக வெளியே போகும், மீதிப் பாதி அங்கேயே சூடாகத் தங்கும். அதாவது சூட்டை இழந்ததன் பலனாகவே கரு முன்னைவிட அதிகச் சூடாகிறது! செலவழிக்கச் செலவழிக்கப் பெட்டியில் பணம் கூடுகிற வீட்டைப் போல. டீ டம்ளர் ஆறுவதைப் பார்த்துப் பழகிய புத்திக்கு இது ஏறாது. தன் எடையால் தானே பிடித்து வைக்கப்பட்டிருக்கும் எந்த வாயு உருண்டைக்கும் இதுதான் விதி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் பின்னாலேயே வரும். இதைப் பிடிக்காவிட்டால் ராட்சதனைப் பற்றிப் படிப்பதெல்லாம் மனப்பாடம்தான்.

அடுத்தது, கருவைச் சுற்றியிருக்கும் ஓடு. கோடையில் ஜவ்வாது மலைப் பக்கம் சில ராத்திரிகளில் காட்டுத்தீ எரிவதைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். நடுவில் எரிந்து முடிந்த இடம் கறுப்பாக இருக்கும். சுற்றி ஒரு செந்நிறக் கோடு வளையமாக நகரும். நட்சத்திரத்தின் உள்ளேயும் இப்போது அந்தக் காட்சிதான். நடுவில் ஹீலியம் சாம்பல், தீ இல்லை. அதைச் சுற்றி, இன்னும் ஹைட்ரஜன் மிச்சமிருக்கும் மெல்லிய ஓட்டில் தீ. ஆனால் உவமை இதற்கு மேல் உதவாது. மலையில் வளையம் வெளியே வெளியே போகப்போகச் சோர்ந்துவிடும். நட்சத்திரத்தில் ஓட்டில் விழும் புதுச் சாம்பல் எல்லாம் கருவின் மேலேயே குவிகிறது. கருவின் எடை கூடுகிறது, கரு இன்னும் சுருங்குகிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஓட்டை இன்னும் அழுத்திப் பிடிக்கிறது, ஓடு இன்னும் சூடாகிறது. அங்கே நடக்கும் எரிப்பு சூட்டுக்கு அசாத்திய உணர்ச்சி உள்ளது. சூடு 10 சதவீதம் கூடினால் விளைச்சல் நாலைந்து மடங்காகும். மேலே உள்ள நட்சத்திரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த ஓடு யோசிப்பதே இல்லை. கரு சொன்ன அளவுக்கு எரிந்து தள்ளுகிறது.

தள்ளியதெல்லாம் ஓட்டுக்கு மேலே போர்வையாக மூடியிருக்கும் வாயு வழியாகத்தான் போக வேண்டும். போர்வை வீங்குகிறது, வீங்கியதில் ஆறுகிறது. ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் ஆறிக்கொண்டே போக முடியாது. மேற்பரப்பு 3,000 கெல்வினுக்குப் பக்கத்தில் ஒரு சுவரில் முட்டி நிற்கும் என்று 1961இல் ஜப்பானியரான சுஷிரோ ஹயாஷி காட்டினார். அதற்குமேல் ஒளியை வெளியேற்ற ஒரே வழி பரப்பைக் கூட்டுவதுதான். அதனால் விட்டம் 10 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்கு, 200 மடங்கு என்று போகிறது. போர்வை முழுக்கச் சோற்றுப் பானை மாதிரி கொதித்துப் புரள்கிறது. அந்தப் புரட்டல் ஆழத்தில் கிடக்கும் பழைய சாம்பலில் கொஞ்சத்தைத் தோண்டி மேலே கொண்டுவருகிறது. சுவாதியின் நிறமாலையில் கார்பன் வகைகளின் விகிதம் மாறியிருப்பது அப்படித்தான்.

ஒரு நேர்மையான குறிப்பு. கரு சுருங்கினால் போர்வை ஏன் வீங்கியே தீர வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல் என்றால், வானியற்பியலாளர்களுக்குள்ளேயே இன்றும் வாக்குவாதம் உண்டு. சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் வீங்குகிறது. அதில் தகராறு இல்லை. அந்த ஒற்றை வாக்கியம் எது என்பதில்தான் தகராறு. நான் மேலே சொன்னது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் ஓட்டம். யாராவது ‘ரொம்பச் சிம்பிள்’ என்று அரை வரியில் விளக்கினால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1942இல் அவரும் பிரேசில்காரரான மாரியோ ஷோன்பெர்க்கும் ஒரு வரம்பைக் கணக்கிட்டார்கள். எரியாத, எங்கும் ஒரே சூடாக இருக்கும் கரு மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலே உள்ள பாரத்தைத் தாங்காது, வேகமாக நொறுங்கும் என்றார்கள். சூரியனைவிடச் சில மடங்கு கனமான நட்சத்திரங்களில் அதுதான் நடக்கிறது. சூரியன் அளவுள்ளவற்றில் கரு அதற்குள்ளேயே மிக இறுகிவிடும். எலெக்ட்ரான்கள் ‘இதற்குமேல் நெருங்க முடியாது’ என்று முட்டுக்கொடுத்து நிற்கும். அந்த முட்டுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், கொஞ்சம் கழித்து வெடி வைக்கப்போவது இந்தச் சம்பந்தமின்மைதான்.

இப்போது அந்த முழு உருவத்தையும் மனதில் கொண்டுவந்து பாருங்கள். 200 மடங்கு வீங்கிய ஒரு ராட்சதனின் கன அளவு சூரியனைப்போல் 80 லட்சம் மடங்கு. எடையோ அதே எடை, அல்லது அதற்கும் குறைவு. சராசரி அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள்: நாம் மூச்சுவிடும் காற்றைவிட ஏறக்குறைய 7,000 மடங்கு மெலிது. நம் ஆய்வுக்கூடத்தில் இதை வெற்றிடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். அதன் நட்டநடுவில் பூமியைவிடச் சில மடங்கே பெரிய ஒரு உருண்டை. அதற்குள் சூரியனின் எடையில் கிட்டத்தட்டப் பாதி. கடைசிக் கட்டத்தில் அதன் மையத்தில் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் ஒரு டன் இருக்கும். சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு டன். சிவப்பு ராட்சதன் என்றவுடன் பெரிய சிவப்புப் பந்து என்று படம் போடுகிறார்களே, அது எனக்குப் பிடிப்பதே இல்லை. ஒரு புளியங்கொட்டையைச் சுற்றி ஊர் அளவுக்குப் பனிமூட்டம் என்றால்தான் சரியாக வரும்.

மேற்பரப்பில் ஈர்ப்பும் அந்த லட்சணத்தில்தான். 200 மடங்கு விட்டத்தில் அது பூமியில் இருப்பதில் 1,400இல் ஒரு பங்கு. அதனால் வாயு சும்மா இருந்தாலே நழுவும். அதைப் பிறகு பார்ப்போம்.

கருவின் சூடு 10 கோடி டிகிரியைத் தொடும்போது சாம்பலே தீப்பிடிக்கிறது. மூன்று ஹீலியம் சேர்ந்து ஒரு கார்பன். இங்கேதான் நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்னது வருகிறது. சாதாரண வாயு என்றால் சூடு கூடியதும் அழுத்தம் கூடும், விரியும், ஆறும், தீ தானாக மட்டுப்படும். குக்கரில் வெயிட் தூக்குவது மாதிரி. ஆனால் இந்தக் கருவைத் தாங்குவது எலெக்ட்ரான்களின் முட்டு. சூடு கூடினாலும் அது விரியாது. வெயிட் தூக்காத குக்கர். சூடு எரிப்பைக் கூட்ட, எரிப்பு சூட்டைக் கூட்ட, சில நிமிஷங்களுக்கு ஒரு விண்மீன் மண்டலம் மொத்தமும் தரும் அளவுக்கு ஆற்றல் அந்தச் சின்ன உருண்டைக்குள் பீறிடும். ஹீலியம் வெடிப்பு என்று பேர். வெளியிலிருந்து பார்த்தால்? ஒன்றும் தெரியாது. அத்தனை ஆற்றலும் எலெக்ட்ரான்களின் அந்த இறுக்கத்தை உடைத்துக் கருவைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடும். விஞ்ஞானத்தில் இவ்வளவு பெரிய சம்பவம் இவ்வளவு அமைதியாக நடப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதன் விளைவு இன்னும் விசித்திரம். உள்ளே புது அடுப்பு பற்றியதும் நட்சத்திரம் பெரிதாகாமல் சிறிதாகிறது. கரு விரிந்ததால் ஓட்டின் மேல் பிடி தளர்ந்தது, ஓட்டில் எரிப்பு குறைந்தது, போர்வை இறங்கியது. 200 மடங்கு விட்டம் 10 மடங்குக்கு வந்துவிடும். மறுபடி அதே நியாயம்: கருவும் போர்வையும் எப்போதும் எதிரெதிர். சூரியன் அளவுள்ளவை இந்த நிலையில் சுமார் 10 கோடி ஆண்டு நிம்மதியாக இருக்கும். சுவாதி இன்னும் இந்த இடத்துக்கு வரவில்லை, முதல் ஏற்றத்தில்தான் இருக்கிறது என்பது பெரும்பாலோர் கணிப்பு.

ஹீலியமும் நடுவில் தீர்ந்தால் கதை திரும்ப ஓடும். இப்போது கார்பனும் ஆக்சிஜனும் கலந்த கரு, அதைச் சுற்றி ஹீலியம் ஓடு, அதற்கு வெளியே ஹைட்ரஜன் ஓடு. இரண்டாம் வீக்கம். இந்த வயதில் நட்சத்திரத்துக்கு மூச்சிரைக்க ஆரம்பிக்கும். சீட்டஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் மிரா என்று ஒன்று இருக்கிறது. 1596இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் அதைப் பார்த்தார், சில வாரம் கழித்துப் பார்த்தால் ஆள் இல்லை. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, சுமார் 332 நாளுக்கு ஒருமுறை வெறும் கண்ணுக்குத் தெரிந்து மறைகிற நட்சத்திரம் அது. 2007இல் புற ஊதாப் படத்தில் பார்த்தபோது அதற்குப் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு வால். 30,000 ஆண்டுகளாக உதறிக்கொண்டே வந்த சொந்தப் பொருள்தான் அது.

அந்த உதறலில்தான் நமக்கு லாபம். ஒவ்வொரு விரிவிலும் மேலே தள்ளப்படும் வாயு ஆறி, தூசியாக உறைகிறது. சில ராட்சதர்களிடமிருந்து மணல் மாதிரிச் சிலிக்கேட், கார்பன் மிகுந்தவற்றிடமிருந்து விளக்குக் கரி மாதிரிப் புகை. ஒளி அந்தத் தூசியைத் தள்ள, தூசி வாயுவை இழுத்துக்கொண்டு போகும். ஈர்ப்பு ஏற்கெனவே தளர்ந்துபோனது, பிடித்துவைக்க யாரும் இல்லை. அதோடு போகும் சரக்கும் பழைய சரக்கு அல்ல. 1952இல் பால் மெரில் சில சிவப்பு ராட்சதர்களின் நிறமாலையில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கண்டார். இப்படிப்பட்ட நட்சத்திரத்தில் உருவாகும் டெக்னீஷியம் சுமார் 2 லட்சம் ஆண்டில் பாதியாகச் சிதைந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டு வயதான நட்சத்திரத்தில் அது இருக்கிறதென்றால் அண்மையில்தான் உள்ளே சமைந்து மேலே வந்திருக்க வேண்டும். நட்சத்திரங்கள் தனிமங்களைச் சமைக்கின்றன என்பதற்கு இதைவிடக் கையும் களவுமான சாட்சி கிடைத்ததில்லை.

பிறகு நடப்பது சுருக்கம். போர்வை முழுக்கப் போய்விடும், கொஞ்ச காலம் ஒளிரும் வாயுக்கூடாகத் தெரியும், நடுவில் பூமி அளவிலான வெள்ளைக் குள்ளன் மிஞ்சும். அது எதையும் எரிக்காது, ஆறிக்கொண்டே கிடக்கும். நீங்கள் எதிர்பார்த்த ‘அணைதல்’ கடைசியில் அங்கேதான் வருகிறது.

இத்தனையும் யார் போய் அளந்தார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். திருவாதிரையின் விட்டத்தை 1920 டிசம்பரில் மைக்கேல்சனும் பீஸும் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியின் மேல் 20 அடி இரும்புச் சட்டம் ஒன்றைப் பூட்டி அளந்தார்கள். சூரியனை விட்டால் முதன்முதலாக விட்டம் அளக்கப்பட்ட நட்சத்திரம் அது. இப்போது ராட்சதர்களின் உள்ளேயே எட்டிப் பார்க்க வழி வந்துவிட்டது. கெப்ளர் விண்கலம் ஆயிரக்கணக்கான ராட்சதர்களின் நடுக்கத்தைப் பதிவு செய்தது. மணியைத் தட்டி விரிசல் கண்டுபிடிப்பது மாதிரி, அந்த நடுக்கத்தை வைத்து, எது இன்னும் ஓட்டில் மட்டும் எரிகிறது, எது நடுவில் ஹீலியத்தை எரிக்கிறது என்று 2011இல் பிரித்துக் காட்டினார்கள். வெளியே இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கரு மேற்பரப்பைவிடப் பத்து மடங்கு வேகமாகச் சுழல்வதும் அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த அளவை நம் வட்டாரத்தோடு சேர்ந்தது. வானத்தில் ஒரே நிறம், ஒரே பிரகாசமாக இரண்டு புள்ளிகள். ஒன்று பக்கத்தில் இருக்கும் சாதாரண நட்சத்திரம், இன்னொன்று எங்கோ தூரத்தில் இருக்கும் ராட்சதன். எப்படிப் பிரிப்பது? வானியலாளர்களான ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் 1957இல் ஒரு வழி சொன்னார்கள். குளிர்ந்த நட்சத்திரங்களின் நிறமாலையில் கால்சியத்தின் கே கோடு கறுப்பாக விழும். அந்தக் கறுப்பின் நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று இருக்கும். நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு அகலம் அந்த வெளிச்சக் கோடு. அகலத்தை அளந்தால் உண்மைப் பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரம் தெரியும். வில்சன்–பாப்பு விளைவு என்று உலகம் முழுக்க அதற்குப் பேர்.

பாப்புவின் பூர்வீகம் தலச்சேரி, பிறந்தது 1927இல் சென்னையில், வளர்ந்தது ஹைதராபாத்தில். அதனால் எல்லைக்கு எந்தப் பக்கத்துக்காரரும் சொந்தம் கொண்டாடலாம். கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றவர், இருண்ட வானமும் தெற்கு வானம் நன்றாகத் தெரியும் இடமும் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை ஆரம்பமானது. அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி முடிவதற்குள் 1982இல் இறந்துபோனார். 1986இல் அதற்கு அவர் பேரையே வைத்தார்கள். நீங்கள் குப்பத்திலிருந்து வாணியம்பாடி வந்து, ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் அந்தக் குவிமாடம் தெரியும். வழியில் சாப்பிட எதுவும் பெரிதாகக் கிடைக்காது, கட்டிக்கொண்டு போங்கள்.

சூரியனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வகுப்பில் எல்லாரும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். நடுவில் ஹைட்ரஜன் தீர இன்னும் 500 கோடி ஆண்டு. ராட்சத உச்சம் இன்னும் சுமார் 750 கோடி ஆண்டில். அப்போது விட்டம் இன்றைப்போல் 250 மடங்கு ஆகும் என்பது 2008இல் வந்த ஒரு கணக்கு. பூமி இன்று சூரியனின் ஆரத்தைப்போல் 215 மடங்கு தூரத்தில் இருக்கிறது. சூரியன் எடை இழப்பதால் பூமியின் பாதை விரியும், ஆனால் வீங்கிய சூரியனின் இழுப்பு பூமியை உள்ளே கொண்டுபோய்விடும் என்கிறது அந்தக் கணக்கு. தப்பலாம் என்பவர்களும் உண்டு. நடைமுறையில் அந்த விவாதத்தால் நமக்குப் பலனில்லை. சூரியன் 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பிரகாசம் கூடிக்கொண்டே போவதால், ராட்சதன் ஆவதற்கு வெகு முன்பே கடல் வற்றிவிடும். பாலாறு நமக்கு அதை இப்போதே ஒத்திகை காட்டிக்கொண்டிருக்கிறது.

பார்க்கும்போது ஒரே ராத்திரியில் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பொழுது சாய்ந்தவுடன் மேற்கே தாழ்வாகத் திருவாதிரை, எட்டு மணிக்குமேல் நிற்காது. பத்து மணிக்குத் தலைக்குமேல் சுவாதி. அதே நேரத்தில் தென்கிழக்கே கேட்டை ஏறியிருக்கும். ரோகிணி இப்போது சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அதற்குக் கார்த்திகை மாதம் வரை பொறுக்க வேண்டும். நிறம் சரியாகத் தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று தோன்றினால் ஒரு பைனாகுலரைக் கடன் வாங்கி, ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி வட்டமாக விரிந்ததும் ஆரஞ்சு தானாக வெளியே வரும்.